ஊர் மாறிய வீணை

எங்கள் வீட்டுக் கூடத்தின் மூலையில் நீளமான மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் மூடியில் என் கணவரின் பெயரும் அவருடைய படை எண்ணும் வெள்ளை வண்ணத்தில் எழுதப்பட்டுள்ளன. அவற்றின் கீழே ஆறு முறை ஊர்ப்பெயர் எழுதி, ஐந்து முறை அடிக்கப்பட்டிருக்கிறது. வீட்டிற்கு வருகிறவர்கள், "இது துப்பாக்கிப் பெட்டியா?" என்று கேட்பதுண்டு. ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரின் இல்லத்தில் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் 17 ஆண்டுகள் அந்தப் பெட்டிக்குள் கிடந்து ஊர் ஊராகப் பயணம் செய்தது ஒரு தஞ்சாவூர் வீணை. பெட்டியின் மேலிருக்கும் பெயர் அவருடையது, எண் அவருடையது, உள்ளே இருந்த உழைப்பு என்னுடையது.

சென்ற மாதம் இளம்பெண் ஒருத்தி தன் தாயோடு என்னைக் காண வந்தாள். பத்து ஆண்டுகள் பரதம் பயின்றவள். இராணுவத்தில் பணிபுரியும் ஒருவருக்கு அவளை நிச்சயித்திருந்தார்கள். தாயின் முகத்தில் மகிழ்ச்சி; மகளின் முகத்தில் கேள்வி. "டீச்சர், கல்யாணத்துக்குப் பிறகு என் நடனம் என்ன ஆகும்?" என்று கேட்டாள். நான் அவளுக்குத் தேநீர் கொடுத்தேன். "எல்லாம் நல்லபடியாக நடக்கும் அம்மா" என்று சொல்லி அனுப்பினேன். அவள் சென்றபின் என் விடை எனக்கே நாணத்தைத் தந்தது. அவள் ஆறுதல் கேட்டு வரவில்லை. வழி கேட்டு வந்தாள். வழியறிந்தவள் என்று நம்பி வந்தவளுக்கு நான் தராமல் விட்ட விடையை இங்கே எழுதிப் பார்க்கிறேன். வாசக அன்பர்களே, உங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு மகள் இருக்கக்கூடும்.

திருவையாற்று அரசு இசைக் கல்லூரியில் நான் வீணை பயின்றேன். 1989-இல் படிப்பை முடித்தேன். அடுத்த ஆண்டு வானொலியின் குரல் தேர்வு போன்ற கருவியிசைத் தேர்வில் எனக்கு 'பி' தரம் கிடைத்தது. வானொலியில் கலைஞர்களை 'பி', 'பி உயர்நிலை', 'ஏ', 'டாப்' என்று படிப்படியாகத் தரம் பிரிப்பார்கள். 'பி' என்பது முதற்படி. ஆயினும் எங்கள் தெருவில் அன்று அது பெரும் செய்தி. என் பெயரை வானொலிப் பெட்டி உச்சரித்தபோது அப்பா எழுந்து நின்று கேட்டார். பத்து ஆண்டுகளில் 'ஏ' தரத்தை அடைந்துவிட வேண்டும் என்று அன்றே மனத்தில் ஒரு கணக்குப் போட்டேன்.

1992 சனவரியில் எனக்குத் திருமணம் நடந்தது. அவர் இராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தார். இசையறிவு இல்லாதவர், ஆனால் கருவிகளை மதிப்பவர். பெண் பார்க்க வந்த அன்று என் வீணையைத் தொடாமல் குனிந்து பார்த்தார், பிறகு, "இதை இரயிலில் எப்படிக் கொண்டு போவது?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கோ அந்தக் கேள்வியே அவரைப் பிடிக்கப் போதுமானதாயிற்று. அடுத்த விடுப்பில் சரக்குப் பெட்டிப் பலகைகளை வாங்கி, தம் கையாலேயே பெட்டி செய்தார். உட்புறம் பழைய கம்பளியை இரண்டு மடிப்பாக வைத்து அறைந்தார். சுரைக்குடுக்கையைக் கழற்றித் தனியே வைக்க ஓர் அறை அமைத்தார். கங்கா காவேரி விரைவு வண்டியில் அந்தப் பெட்டியோடு நாங்கள் ஜபல்பூர் போய்ச் சேர்ந்தோம்.

ஜபல்பூரில் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளில் எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது. பஞ்சாபியர், கடுவாலியர், மராத்தியர், வங்காளியர் என ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஒரு மொழி இருந்தது. என்னை அவர்கள் 'மதராசி பாபி' என்று அழைத்தார்கள். என் வீணையைச் சிதார் என்றே கருதினார்கள். சிதாருக்கு இத்தனை பெரிய குடம் ஏன் என்று கேட்டார்கள். மாதந்தோறும் நடக்கும் குடும்ப நலக் கூட்டத்தில் வாசிக்கச் சொன்னார்கள். கல்யாணி இராகத்தில் ஒரு கீர்த்தனை வாசித்தேன். மரியாதைக்காகக் கை தட்டினார்கள். பின்பு ஒரு பெண்மணி அன்போடு, "பாபி, லதாஜியின் பாட்டு ஏதாவது வாசியுங்களேன்" என்றார். அன்றிரவு அழுதேன். திரையிசை வாசிக்கவா திருவையாற்றில் நான்கு மணிக்கு எழுந்து பயின்றேன் என்று என் கணவரிடம் பொருமினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அவங்களுக்குத் தெரிந்த மொழியில்தானே கேட்பாங்க?" என்று மட்டும் சொன்னார். அச்சொல் அன்று எனக்குப் பிடிக்கவில்லை.

ஜபல்பூரில் நான் செய்த தவறு வேறொன்று. அதைத்தான் அந்தப் பெண்ணிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நான் காத்திருந்தேன். இந்த ஊர் நிலையானதன்று; இடமாற்றம் வரும்; அடுத்த ஊரில் முறையாகத் தொடங்கலாம் என்று எண்ணினேன். வானொலியில் என் பெயர் திருச்சியின் பட்டியலில்தான் இருந்தது. நிகழ்ச்சிக்கான கடிதம் அப்பாவின் முகவரிக்கு வரும். அவர் அதை வேறு உறையிலிட்டு எனக்கு அனுப்புவார். என் கையில் சேரும்போது சில வேளைகளில் நாள் கடந்திருக்கும். சில வேளைகளில் நாள் இருக்கும், பயணச்சீட்டு கிடைக்காது. 1993-இல் மகள் பிறந்தாள். அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பெட்டியைத் திறக்கவே இல்லை. அதன்மேல் துணியை விரித்துக் குழந்தையின் பால் புட்டிகளை அடுக்கி வைத்தேன். ஒருநாள் துணியை எடுத்துத் துவைக்கும்போது கண்ணில் பட்டது பெட்டி. திறந்தேன். தந்திகள் துருப்பிடித்திருந்தன. குடமும் தண்டியும் இணையும் இடத்தில் மயிரிழை போல ஒரு பிளவு தெரிந்தது. என் வீணை ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணையன்று. பகுதிகளை இணைத்துச் செய்த ஒட்டு வீணை. வறண்ட குளிர் அதன் இணைப்பைச் சோதித்திருந்தது. வாசிக்காத வீணையை வானிலை வாசித்துவிட்டது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

1996-இல் அவர் வடகிழக்கு எல்லைக்கு மாற்றப்பட்டார். அங்கே குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாது. அடுத்து காஷ்மீர். அந்த நான்கு ஆண்டுகள் மகளோடு திருச்சியில் இருந்தேன். கணவர் அருகில் இல்லாத துயரமும், இசை மீண்டும் அருகில் வந்த மகிழ்ச்சியும் ஒரே வீட்டில் குடியிருந்தன. தஞ்சாவூருக்குச் சென்று வீணையைப் பழுது பார்த்தேன். என் ஆசிரியையிடம் மீண்டும் மாணவியாகச் சேர்ந்தேன். வானொலிக் கடிதங்கள் உரிய நாளில் கைக்கு வந்தன. நான் பயிற்சி செய்வதை ஒலிநாடாவில் பதிந்து, 99 ஏ.பி.ஓ. என்ற முகவரிக்கு அனுப்புவேன். வடகிழக்கில் பணிபுரியும் வீரர்களுக்கான அஞ்சல் முகவரி அது. ஊரின் பெயர் அதில் இராது. "பாட்டு புரியவில்லை, நடுவில் பாப்பா 'அம்மா தண்ணி' என்று கேட்பது புரிந்தது. அந்த இடத்தை மட்டும் பலமுறை கேட்டேன்" என்று எழுதினார். 1999-இன் கோடையில், கார்கில் போர் நடந்த வாரங்களில், அவரிடமிருந்து 24 நாள்கள் கடிதம் வரவில்லை. அந்த நாள்களில் நான் வீணையைத் தொட்டேன் என்று சொன்னால் அது பொய்யாகும்.

அந்த ஆண்டின் இறுதியில் இரண்டு கடிதங்கள் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று, ஓர் இசைப்பள்ளியில் வீணை ஆசிரியையாகச் சேர அழைத்த கடிதம். மற்றொன்று அவருடையது. ஜோத்பூருக்கு மாற்றல், குடும்ப வீடும் கிடைக்கும் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், "உனக்கு அங்கே வேலை அமைந்தால் நீ அங்கேயே இரு, நான் வருத்தப்பட மாட்டேன்" என்றும் இருந்தது. பெருந்தன்மையான அந்த வரியால் முடிவின் பாரம் முழுவதும் என் தோளில் வந்து அமர்ந்தது. மாமியார், "புருஷன் கூப்பிடும்போது போகாமல் இருப்பதா?" என்றார். ஆசிரியை, "இந்த வயதில் விட்டால் பிறகு பிடிக்க முடியாது" என்றார். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஆறு வயது மகள் தன் தந்தையைப் புகைப்படத்தில் அடையாளம் காட்டுவாள். நேரில் கண்டால் என் பின்னே ஒளிந்துகொள்வாள். அதுவே என் முடிவைத் தீர்மானித்தது. அழைப்பை மறுத்துக் கடிதம் எழுதினேன். அந்த இடத்தில் சேர்ந்தவர் என்னிலும் இளையவர், இன்று 'ஏ' தரக் கலைஞர், நன்றாகவே வாசிக்கிறார்.

"வருந்துகிறீர்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், வருந்துகிறேன். அதே முடிவை மீண்டும் எடுப்பீர்களா என்று கேட்டால், அதற்கும் ஆம் என்பேன். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும். ஆனால் இதைத் 'தியாகம்' என்று எவரேனும் புகழும்போது என் மனம் ஒப்புவதில்லை. அந்தச் சொல் பெரிய வெள்ளைத் துணியைப் போன்றது. இழப்பின்மேல் அதைப் போர்த்திவிட்டால், கீழே என்ன கிடக்கிறது என்று எவரும் பார்க்க வேண்டியதில்லை. என் கணவரின் பணிக்காலம் ஏட்டில் பதிவாயிற்று. ஆண்டுகள் ஏற ஏறப் பதவி உயர்ந்தது. முடிவில் ஓய்வூதியமாகத் திரும்பி வந்தது. அதே ஆண்டுகளில் என் தொழிலில் ஏற்பட்ட இடைவெளி எந்த ஏட்டிலும் இல்லை. இதற்கு யாரையும் குற்றம் சொல்லவில்லை. இழப்பை இழப்பு என்று பெயர் சொல்லி எண்ணினால்தான், எஞ்சியது எவ்வளவு, அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பது தெரியும்.

ஜோத்பூருக்குப் புறப்படுமுன் நான் தஞ்சாவூருக்கு மறுபடியும் சென்றேன். வீணையின் தண்டியில் 24 மெட்டுகள் உண்டு. ஒரு தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு தாயிகளுக்கு. தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த மெழுகுப் படுகையில் அவற்றைப் பதித்திருப்பார்கள். அதை மேளம் என்பது வீணைக்காரர்களின் வழக்கு. காலப்போக்கில் மெழுகு தளர்ந்து மெட்டுகள் இடம் பெயரும், சுரம் பிசகும். அப்போது மேளம் கட்டுவதற்கு வீணை செய்யும் ஆசாரியிடம் செல்வோம். ஜோத்பூரில் ஆசாரிக்கு எங்கே போவது? "இரண்டு நாள் உட்கார்ந்து பாரும்மா, கை தானே கற்றுக்கொள்ளும்" என்றார் அந்தப் பெரியவர். கற்றுக்கொண்டேன். ஒரு தேங்காய் அளவு மெழுகுருண்டையையும் கொடுத்தனுப்பினார்.

2000-ஆம் ஆண்டின் மே மாதம். ஜோத்பூரில் வெயில் 45 பாகையைத் தொட்டது. ஒருநாள் மாலை பெட்டியைத் திறந்தால், மேல்தாயி மெட்டுகள் களைத்த மனிதர்களைப் போல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. அடுப்பில் மெழுகை உருக்கினேன். கரியை இடித்துச் சலித்தேன். அவர் வீணையை மடியில் பிடித்துக்கொண்டார். நான் ஒவ்வொரு மெட்டாக வைத்து, தந்தியை மீட்டிச் சுரத்தைச் செவியால் தேடினேன். முதல் நாள் தோற்றேன். இரண்டாம் நாளும் தோற்றேன். மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்குப் பஞ்சமம் சரியான இடத்தில் வந்து நின்றது. இசையறியாத அவரும், "இதுதானே?" என்றார். அடுத்த வீட்டில் காசிப் பக்கத்துப் பெண்மணி ஒருவர் இருந்தார்; அவருடைய தந்தை சிதார் வாசிப்பவர். "எங்கள் சிதாரில் மெட்டுகளை நூலால் கட்டியிருப்போம், வேண்டும்போது நகர்த்திக்கொள்வோம். உங்களுடையதற்கு ஏன் இத்தனை பாடு?" என்று வியந்தார். நகர்த்த முடியாததால்தான் மீண்டும் மீண்டும் கட்ட வேண்டியிருக்கிறது என்றேன். சொன்னபின் என் வாழ்க்கையைப் பற்றியும் அதையே சொல்லிவிட்டதாகத் தோன்றிற்று.

அன்றிலிருந்து காத்திருப்பதை விட்டேன். எந்த வீட்டில் இருந்தாலும், பெட்டிகள் பிரிக்கப்படாமல் கிடந்தாலும், விடியற்காலை நாற்பது நிமிடம் வீணைக்கு என்று வகுத்துக்கொண்டேன். நாற்பது நிமிடத்தில் கச்சேரிக்குத் தேற முடியாது. ஆனால் கை மறந்துபோகாமல் காக்க முடியும். திரையிசை வாசிக்கச் சொன்னால் வாசித்தேன். அதை முடித்ததும் அதே இராகச் சாயலில் ஒரு கீர்த்தனையின் பல்லவியையும் வாசித்துக் காட்டினேன். அவர் ஜபல்பூரில் சொன்னதன் பொருள் எட்டு ஆண்டுகள் கழித்து எனக்கு விளங்கிற்று.

2001 திசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. அந்த மாதமே படைகள் எல்லைக்கு நகர்ந்தன. எங்கள் வரிசை வீடுகளிலிருந்து ஆண்கள் ஓரிரு நாள்களில் புறப்பட்டுவிட்டார்கள். 2002 அக்டோபரில் படைகளைத் திரும்ப அழைக்க முடிவெடுக்கும்வரை ஏறத்தாழ பத்து மாதங்கள் அங்கே பெண்களும் குழந்தைகளுமே இருந்தோம். மாலையானால் எவராலும் தனியே வீட்டிற்குள் இருக்க முடியவில்லை. என் தாழ்வாரத்தில் வந்து அமர்ந்தார்கள். நான் வாசித்தேன். சில நாள்களில், "எங்களுக்கும் கற்றுக்கொடு பாபி" என்றார்கள். ஏழு பெண்கள், ஒரே வீணை. எல்லோரும் சேர்ந்து சரளி வரிசையைப் பாடுவார்கள். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் வீணை கிடைக்கும். ராஜஸ்தான், ஹரியானா, இமயமலை ஊர்களின் உச்சரிப்பில் 'ஸரிகம' ஒலித்ததை இன்று நினைத்தாலும் புன்னகை வருகிறது.

எல்லையில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன. புதைக்கும்போதும் அகற்றும்போதும் விபத்துகள் நேர்ந்தன. ஒருநாள் மாலை நாங்கள் பாடிக்கொண்டிருந்தபோது வரிசையின் முனையில் ஒரு ஜீப் வந்து நின்றது. பாட்டு தானாக நின்றது. அந்த நேரத்தில் வருகிற ஜீப் எதற்காக வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எந்தக் கதவை நோக்கி நடக்கிறார்கள் என்று ஏழு பேரும் பார்த்தோம். என் கதவாக இருக்கக்கூடாது என்று நானும் வேண்டினேன். அப்படி வேண்டுவது இன்னொருத்தியின் கதவைக் காட்டுவதற்குச் சமம் என்று தெரிந்தே வேண்டினேன். அவர்கள் மூன்றாம் வீட்டைக் கேட்டார்கள். அந்த வீட்டுப் பெண் என் அருகில்தான் அமர்ந்திருந்தாள். கடுவால் மலைப்பகுதியைச் சேர்ந்தவள். இருபத்திரண்டு வயது இருக்கும். ஏழாம் சரளி வரிசைவரை வந்திருந்தாள். அவளுடைய கணவரின் ஒரு பாதம் போய்விட்டது, உயிர் பிழைத்தார். அன்றே அவளை இராணுவ மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள்.

ஒரு மாதத்திற்குப் பின் அவள் வீட்டுப் பொருள்களை எடுத்துக்கொள்ள வந்தாள். மாலையில் வழக்கம்போல என் தாழ்வாரத்தில் அமர்ந்தாள். என்ன பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவளே, "எட்டாவதைச் சொல்லிக்கொடுங்கள் பாபி, நான் நாளை போய்விடுவேன்" என்றாள். சொல்லிக்கொடுத்தேன். அன்று எல்லோருடைய பத்து நிமிடங்களையும் அவளுக்கே கொடுத்தார்கள். தன் ஊரில் வீணை கிடைக்காது என்று அவள் அறிவாள். ஆயினும் எட்டாம் வரிசையைப் பிழையில்லாமல் முடித்த பின்னரே எழுந்தாள்.

இதனால் மேடை வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வந்ததாக எண்ணிவிடாதீர்கள். மேடையும் வேண்டும், தரமும் வேண்டும், உழைப்புக்கு ஊதியமும் வேண்டும். அவற்றை விரும்புவது தன்னலம் என்று பெண்களுக்குச் சொல்லித்தருவது முறையன்று. நான் சொல்ல வருவது இதுவே: மேடை கிடைக்காத ஆண்டுகளையும் கலை வாழ்வின் ஆண்டுகளாகவே எண்ண வேண்டும். அப்படி எண்ணாததால்தான் ஜபல்பூரில் என் தந்திகள் துருப்பிடித்தன. அப்படி எண்ணியதால்தான் ஜோத்பூரில் எனக்கு ஏழு மாணவியர் கிடைத்தார்கள்.

2003-இல் அவர் லேக்குச் சென்றார். நான் மீண்டும் திருச்சிக்கு வந்தேன். 2005 முதல் 2009 வரை செகந்திராபாத்தில் வாழ்ந்தோம். அங்கே கருநாடக இசையறிந்த செவிகள் இருந்தன. ஒரு பள்ளியில் ஒப்பந்த முறையில் இசை கற்பித்தேன். சிறிய சபைகளில் வாசித்தேன். 2009-இல் அவர் சுபேதாராக ஓய்வு பெற்றார். ஊர் திரும்பிய மறு ஆண்டு வானொலியின் தர உயர்வுத் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். முதல் முறை தேறவில்லை. தேர்வறைக்கு வெளியே என் மகளின் வயதினர் அமர்ந்திருந்தார்கள். 2013-இல் 'பி உயர்நிலை' கிடைத்தது. பத்து ஆண்டுகளில் 'ஏ' என்று கணக்குப் போட்டவளுக்கு, 23 ஆண்டுகளில் ஒரு படி ஏற்றம். அப்பா அப்போது இல்லை. அவர் இருந்திருந்தால் எழுந்து நின்று கேட்டிருப்பார்.

என்னைப் போன்றவர்கள் பலர். என்னிலும் பெரிய சோதனையைத் தாங்கியவர்களும் உண்டு. கர்னல் வசந்த் வேணுகோபால் 2007 சூலை 31 அன்று காஷ்மீரின் ஊரிப் பகுதியில் தீவிரவாதிகளோடு நடந்த மோதலில் உயிர் நீத்தார்; அசோகச் சக்கர விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய துணைவியார் சுபாஷிணி வசந்த் பரதக் கலைஞர். அவர் தம் கலையை விட்டுவிடவில்லை. வசந்தரத்னா என்ற கலை அறக்கட்டளையை நிறுவி, உயிர் நீத்த வீரர்களின் குடும்பங்களுக்காகப் பணியாற்றினார். அவருடைய துயரத்தோடு என்னுடையதை ஒப்பிட எனக்குத் தகுதியில்லை. ஆனால் கலையானது இல்லறத்திற்குப் போட்டியாக வருகிற ஒன்றன்று, இல்லம் இடியும்போது ஊன்றிக்கொள்ளக் கிடைக்கும் கோலாகவும் அது அமையக்கூடும் என்பதை அவரைக் கண்டு அறிகிறேன்.

இனி, அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

மகளே, நிச்சயித்தவரிடம் திருமணத்திற்கு முன்பே பேசு. நடனம் உனக்குப் பொழுதுபோக்கன்று, தொழில் என்று தெளிவாகச் சொல். அவர் அதைப் புரிந்துகொள்வதற்கு நடனம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை, "இரயிலில் எப்படிக் கொண்டு போவது?" என்று கேட்பவராக இருந்தால் போதும். உன் கலையில் பிறர் கையை நம்பியிருக்கும் பகுதி எது என்று பார். புறப்படுமுன் அதைக் கற்றுக்கொள். எனக்கு அது மேளம் கட்டுதல். உனக்கு நட்டுவாங்கமாக இருக்கலாம். உன் சான்றிதழ்கள், நிகழ்ச்சி அழைப்புகள், மாணவர் பெயர்கள் யாவற்றையும் ஒரே கோப்பில் வை. உன் ஆண்டுகளுக்கு நீயே ஏடு எழுதிக்கொள். இராணுவ மனைவியர் நலச் சங்கம் 1966 முதல் இருக்கிறது. அதன் கூட்டங்களில் உன்னை ஆடச் சொல்வார்கள். ஆடு, ஆடியதோடு நில்லாமல், கற்பிக்க ஓர் அறையும் கேள். களப்பணிக் காலத்தில் நீ ஊர் திரும்ப நேர்ந்தால் அதைத் தண்டனையாகக் கருதாதே. உன் ஆசிரியரிடம் மாணவியாகச் செல்லும் பருவமாகக் கொள். ஒரு பெரிய வாய்ப்பும் அவருடைய மாற்றலும் ஒரே வாரத்தில் வருகிற நாள் உனக்கும் வரலாம். அன்று நீ எந்த முடிவை எடுத்தாலும் எதையோ இழப்பாய். என் முடிவே உன் முடிவாக வேண்டும் என்பதில்லை. இழந்ததைப் பெயர் சொல்லி எண்ணிக்கொள். மறுநாள் விடியலில் சலங்கையைக் கட்டு.

பெற்றோருக்கும் ஒரு சொல். மகளுக்குச் சீர் அடுக்கும்போது அவளுடைய கலைக்கருவியைக் கடைசியில் இடமிருந்தால் வைக்கலாம் என்று ஒதுக்காதீர்கள். முதலில் அதற்கு ஒரு பெட்டி செய்யுங்கள்.

இக்காலப் பெண்களுக்கு எங்களுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. 2020-இல் பெருந்தொற்றின்போது நான் காணொளி வழியே கற்பிக்கத் தொடங்கினேன். இன்று என் மாணவியருள் நால்வர் இராணுவக் குடியிருப்புகளில் வாழ்பவர்கள். ஒலி சற்றுத் தாமதித்து வருவதால் சேர்ந்து வாசிக்க இயலாது; ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்க வேண்டும். ஆனால் அவர்களுக்கு மாற்றல் வந்தால் வகுப்பு நிற்பதில்லை. ஒருத்தி சென்ற வாரம் பிரிக்காத பெட்டிகளின் நடுவே அமர்ந்து பாடம் சொன்னாள்.

இந்த மாதம் என் வீணைக்கு மேளம் கட்ட வேண்டும். இந்தக் கோடையில் மெட்டுகள் சற்றுத் தளர்ந்துவிட்டன. தஞ்சாவூர் ஒரு மணிநேரத் தொலைவில்தான் இருக்கிறது. ஆயினும் நாங்கள் வீட்டிலேயே கட்டுகிறோம். அவர் மெழுகை உருக்கி வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வீணையைப் பிடிக்கக் காத்திருக்கிறார். கட்டி முடித்ததும் அந்தப் பெண்ணின் வீட்டிற்குச் சென்று, அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட்டு வரவேண்டும்.